கப்பலேறிய ஊர்கள்

மானம் கப்பலேறும் என்பது நமக்குப் பழகிய பேச்சு. ஊர்ப்பெயரும் கப்பலேறும் என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு சான்று இருக்கிறது. எளிதில் பிடிகொடுக்காமல் காரியத்தை முடித்துவிடும் ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, இருளில் மறைந்துபோன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் எம்டன் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர் என்பதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள அந்தத் துறைமுக நகரத்துக்கும் சென்னைக்கும் எந்தப் பகையும் இருந்ததில்லை. ஊரின் பெயர் கப்பலுக்குப் போயிற்று. கப்பலின் பெயர் தமிழில் ஒரு குணத்தின் பெயராயிற்று. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று எம்டனைச் சுட்டுத் தரைதட்ட வைத்தது. அந்தக் கப்பலின் பெயர் சிட்னி. அதுவும் ஊர்ப்பெயர்தான்.

ஒரு நிலத்தின் பெயர் அந்த நிலத்தை விட்டுக் கிளம்பி, கப்பலின் மீதோ ஆளற்ற தீவின் மீதோ போய் உட்காருவதை ‘பெயரின் இடப்பெயர்ச்சி’ என்று சொல்லலாம். இதைப் புரிந்துகொள்ள நம் இலக்கணத்தின் ஆகுபெயர் ஓரளவு உதவும். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள் என்று பொருள்; இடத்தின் பெயர் அங்கு வாழ்வோருக்கு ஆகிவந்தது. அங்கே இடத்துக்கும் மக்களுக்கும் உள்ள தொடர்பு பெயருக்கு முன்பே இருக்கிறது. பெயர் அதைப் பின்பற்றுகிறது. கப்பலுக்கு வைக்கும் ஊர்ப்பெயரில் அப்படி முன்தொடர்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. மலைநாட்டு மாநிலத்தின் பெயரைக் கடலோடும் இரும்புக்கு வைக்கலாம். பெயர் வைப்பவரே தொடர்பை உண்டாக்குகிறார் என்பதால், இத்தகைய பெயரைப் பார்க்கும்போது அந்த ஊர் எப்படிப்பட்டது என்று கேட்பதைவிட, யார் எப்போது எதற்காக வைத்தார்கள் என்று கேட்பதே பயன் தரும். பிரெஞ்சு ஊர்ப்பெயர்கள் இதற்கு நல்ல பாடம். முந்நூறு ஆண்டுகளாக அவை சொந்தக் கடற்படையின் கப்பல்களிலும், எதிரியின் கப்பல்களிலும், நண்பரின் கப்பல்களிலும், உலகின் தென்கோடித் தீவுகளிலும் ஏறி இறங்கியிருக்கின்றன.

பணம் கொடுத்தவர் பெயர்

முதலில் சொல்ல வேண்டியது பணத்தின் கதை. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் தன் கடற்படையில் பெரும்பகுதியை ஆங்கிலேயரிடம் இழந்தது. அரசின் கருவூலத்தில் புதிய கப்பல் கட்டப் பணம் இல்லை. அப்போது அமைச்சராக இருந்த ஷுவாசல், மாநிலங்களும் நகரங்களும் வணிகர் குழுக்களும் ஆளுக்கொரு கப்பலை மன்னருக்குக் காணிக்கையாகத் தரும் ஏற்பாட்டை ஊக்குவித்தார். லாங்கதோக் மாநிலத்தின் பேரவை 1761இல் வழிகாட்டியது, மற்றவை பின்தொடர்ந்தன. கோயில் திருப்பணிக்குக் குழல்விளக்கு கொடுத்தவர் அதன் மீது தம் பெயரை எழுதச் சொல்வதைப் போலத்தான் இதுவும்: கொடுத்தவர் பெயரே கப்பலுக்கு வந்தது. லாங்கதோக், பூர்கோஞ், பிரெத்தாஞ் என்று மாநிலங்கள் கடலில் மிதந்தன. ஆங்கிலத்தில் பிரிட்டனி என்று நாம் படிக்கும் மேற்குக் கடற்கரை நாடுதான் பிரெத்தாஞ்.

இவற்றில் பாரிஸ் நகரம் கொடுத்த கப்பலின் வாழ்க்கை தனியே சொல்லத் தக்கது. வேறு பெயரில் கட்டத் தொடங்கப்பட்ட அந்தக் கப்பல், பாரிஸ் நகரத்தின் பணம் வந்ததும் ‘வில் த பாரி’, அதாவது ‘பாரிஸ் நகரம்’ என்று பெயர் மாற்றப்பட்டு 1764இல் ரோஷ்ஃபோர் துறையில் வெள்ளோட்டம் கண்டது. 1781 செப்டம்பரில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடா வாயிலில் ஆங்கிலக் கடற்படையைத் தடுத்து நிறுத்திய பிரெஞ்சு அணிக்குத் தலைமைக் கப்பல் இதுதான். யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைய அந்தத் தடுப்பே வழி செய்தது. அடுத்த ஏப்ரல் 12இல், கரீபியக் கடலில் செயின்ட்ஸ் தீவுகளருகே நடந்த போரில், தளபதி த கிராஸ் இதே கப்பலோடு ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். பிடித்த கப்பலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகும் வழியில், அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த புயல் அதை மூழ்கடித்துவிட்டது.

கப்பல் போயிற்று, பெயர் போகவில்லை. ஆங்கிலேயர் தாம் பிடித்ததன் நினைவாக, 1795இல் தாங்களே கட்டி வெள்ளோட்டம் விட்ட பெரிய போர்க்கப்பலுக்கு அதே பிரெஞ்சுப் பெயரை வைத்தார்கள். பிரெத்தாஞ்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கப்பல்கள் வெளியேறாதபடி ஆங்கிலக் கடற்படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டபோது, அந்த அணியின் தலைமைக் கப்பலாக நின்றது ‘பாரிஸ் நகரம்’. பாரிஸ் மக்கள் காசு கொடுத்து வாங்கிய பெயர், முப்பது ஆண்டுகளில் பிரான்ஸின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பிடித்த பொருளின் பெயரை மாற்றாமல் வைத்துக்கொள்வது மரியாதையா, சீண்டலா என்று கேட்டால், இரண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலேயர் தம் கப்பல்களுக்கு ‘அஜின்கோர்ட்’, ‘கிரெசி’ என்று பெயரிட்டதில் மரியாதைக்கு இடமே இல்லை. இரண்டும் இடைக்காலத்தில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் வென்ற பிரெஞ்சுக் கிராமங்கள்.

பிரெஞ்சுப் புரட்சி 1790இல் பழைய மாநிலங்களை ஒழித்து, ஆறுகளின் பெயரிலும் மலைகளின் பெயரிலும் புதிய மாவட்டங்களை வகுத்தது. புரட்சியின் காய்ச்சலில் பிரெத்தாஞ் கப்பலும் 1793இல் ‘புரட்சியாளன்’ என்று பெயர் மாறியது. ஆயினும் காய்ச்சல் தணிந்த பிறகு கடற்படை மாநிலப் பெயர்களுக்கே திரும்பியது. நிலத்தில் இல்லாத மாநிலம் கடலில் பிழைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றையும் பிறகு பார்ப்போம்.

இழந்த மண்ணின் பெயர்

1871இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. ஸ்திராஸ்பூர், மெத்ஸ், கொல்மார், முலூஸ் ஆகிய நகரங்கள் ஜெர்மன் பேரரசுக்குள் போயின. அந்த இழப்பு ஆறாமல் இருந்த காலத்தில், 1913இல், பிரெஞ்சுக் கடற்படை ஒரு பெரும் போர்க்கப்பலை வெள்ளோட்டம் விட்டு அதற்கு ‘லொரேன்’ என்று பெயரிட்டது. அதன் உடன்பிறப்புகளுக்குப் பிரெத்தாஞ், புரொவான்ஸ் என்று பெயர். மற்ற இரண்டும் கையில் உள்ள மண்ணின் பெயர்கள். மூன்றாவது பாதி கைவிட்டுப்போன மண்ணின் பெயர். ஒரு சொல்லை மூன்றில் ஒன்றாக வரிசையில் வைத்தே, மீட்போம் என்று சொல்லாமல் சொல்ல முடிகிறது.

முதல் உலகப்போர் முடிந்து அந்த மண் திரும்பி வந்தபோது நடந்த பெயர்மாற்றத்தை, இந்தத் தலைப்பைக் கற்கத் தொடங்கும் எவரும் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜெர்மன் கடற்படை, குரூசர் எனப்படும் தன் சிறிய விரைவுப் போர்க்கப்பல்களுக்கு நகரங்களின் பெயரை வைப்பது வழக்கம்; எம்டன் அந்த வழக்கத்தில் வந்ததுதான். தோற்ற ஜெர்மனியிடமிருந்தும் ஆஸ்திரியாவிடமிருந்தும் பிரான்ஸ் இத்தகைய குரூசர்கள் ஐந்தைப் பெற்றுத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது. ரேகன்ஸ்பர்க் என்னும் ஜெர்மன் நகரத்தின் பெயரைத் தாங்கி வந்த கப்பல் ‘ஸ்திராஸ்பூர்’ ஆனது. கோனிக்ஸ்பர்க் ‘மெத்ஸ்’ ஆனது. ஸ்ட்ரால்சுண்ட் ‘முலூஸ்’ ஆயிற்று. கோல்பர்க் ‘கொல்மார்’ ஆயிற்று. ஆஸ்திரியாவின் நோவாரா, லொரேனில் உள்ள தியோன்வில் நகரத்தின் பெயரைப் பெற்றது. ஐந்தும் 1871இல் பறிபோய் 1918இல் மீண்ட ஊர்கள். எதிரி வைத்த பெயரை அழித்த இடத்தில், எதிரியிடமிருந்து மீட்ட நகரத்தின் பெயர். வெர்சாய் ஒப்பந்தத்தின் நிலம் பற்றிய பக்கங்களை ஐந்து கப்பல்களின் பின்புறத்தில் எழுதியதற்கு இது சமம்.

அவற்றுள் ஸ்திராஸ்பூருக்கு மேலும் ஒரு பணி இருந்தது. 1930களில் பிரான்ஸ் இரண்டு புதிய, விரைவான பெரும் போர்க்கப்பல்களைக் கட்டியது. ஒன்றுக்கு ‘டன்கர்க்’ என்றும், மற்றொன்றுக்கு ‘ஸ்திராஸ்பூர்’ என்றும் பெயர். ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள் இருக்க முடியாது என்பதால், பழைய ஜெர்மன் குரூசரின் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து 1936இல் ‘ஸ்திராஸ்பூர்-ஏ’ ஆக்கினார்கள். கடற்படைகளில் இது வழக்கமான நடைமுறை: நல்ல பெயர் சொத்து போன்றது; பழைய கப்பலிடமிருந்து வாங்கிப் புதிய கப்பலுக்குக் கொடுப்பார்கள்.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரெஞ்சுக் கடற்படை ஜெர்மனி கையில் சிக்கிவிடும் என்று அஞ்சிய பிரிட்டன், ஜூலை 3ஆம் நாள் அல்ஜீரியாவின் மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த நேற்றைய தோழனின் கப்பல்கள் மீதே குண்டு பொழிந்தது. பிரெத்தாஞ் வெடித்துக் கவிழ்ந்தது. அதில் மட்டும் 977 மாலுமிகள் இறந்தனர். டன்கர்க்கும் புரொவான்ஸும் சேதமடைந்தன. ஸ்திராஸ்பூர் புகைக்குள் தப்பிப் பிரான்ஸின் தூலோன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஸ்திராஸ்பூர் நகரத்தில் ஜெர்மன் கொடி ஏறிவிட்டது. தப்பித்த கப்பலின் பெயரில் இருந்த ஊர் மறுபடியும் பிரான்ஸின் கையில் இல்லை. 1942 நவம்பர் 27 அன்று ஜெர்மன் படை தூலோனுக்குள் நுழைந்தபோது, பிரெஞ்சு மாலுமிகள் தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள். ஸ்திராஸ்பூரும், டன்கர்க்கும், புரொவான்ஸும் அன்று போயின. தூலோன் இருப்பது புரொவான்ஸ் மாநிலத்தில். ஆக, புரொவான்ஸ் தன் பெயருக்குரிய மண்ணின் கரையிலேயே மூழ்கியது. மூன்று உடன்பிறப்புகளில் எஞ்சிய லொரேன் அப்போது எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தபடியால் பிழைத்தது. 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் புரொவான்ஸ் கரையில் இறங்கியபோது, அந்தக் கரையில் இருந்த ஜெர்மன் நிலைகளைச் சுட்ட கப்பல்களுள் அதுவும் ஒன்று.

முன்பு சொன்ன அண்மைக்கால உதாரணத்துக்கு இப்போது வரலாம். இன்றைய பிரெஞ்சுக் கடற்படையின் ஃபிரிகேட் வகைப் பெரிய போர்க்கப்பல்கள் எட்டுக்கு அக்கித்தேன், புரொவான்ஸ், லாங்கதோக், ஓவெர்ஞ், பிரெத்தாஞ், நோர்மாந்தி, அல்சாஸ், லொரேன் என்று பழைய மாநிலப் பெயர்களே இடப்பட்டுள்ளன. முதற்கப்பல் 2012இலும் கடைசிக் கப்பலான லொரேன் 2022இலும் கடற்படைக்கு ஒப்படைக்கப்பட்டன. இடையில், 2016இல், பிரெஞ்சு அரசு தன் நிர்வாகப் பிரதேசங்களை இணைத்து எண்ணிக்கையைக் குறைத்தது. அல்சாஸும் லொரேனும் தனித்தனிப் பிரதேசங்களாக இல்லாமல் ‘பெருங்கிழக்கு’ என்னும் பொருள்படும் புதிய பெயருக்குள் கரைந்தன. பெருங்கிழக்கு என்று ஒரு கப்பலுக்குப் பெயர் வைக்க எவருக்கும் மனம் வராது என்றே நினைக்கிறேன். நோர்மாந்தியின் கதை இன்னும் வேடிக்கையானது: அந்தப் பெயரோடு கட்டப்பட்ட கப்பலைப் பிரான்ஸ் 2015இல் எகிப்துக்கு விற்றுவிட்டது, விற்றது கப்பலை மட்டுமே, பெயரை எடுத்து வைத்துக்கொண்டு பின்னர் கட்டிய கப்பலுக்குச் சூட்டியது.

பிறர் சுமந்த பெயர்

அமெரிக்கர்கள் பிரெஞ்சு ஊர்ப்பெயர்களைச் சுமந்தது நன்றியினால் அல்ல. தாங்கள் அங்கே போரிட்டதை நினைவில் வைப்பதற்காக. 1918 ஜூனில் மரீன் எனப்படும் அமெரிக்கப் படைப்பிரிவின் வீரர்கள் பெருத்த உயிரிழப்போடு கைப்பற்றிய ஒரு சிறு காடு பெல்லோ வுட். பெல்லோ என்பது பாரிஸுக்குக் கிழக்கே உள்ள கிராமம். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கடலில் போரிட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு அந்தக் காட்டின் பெயர் வைக்கப்பட்டது. போருக்குப் பின், 1953இல், அமெரிக்கா அந்தக் கப்பலைப் பிரான்ஸுக்கு இரவல் கொடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் பெயரை மாற்றவில்லை, மொழிபெயர்த்தார்கள்: ‘புவா பெல்லோ’. ஒரு பிரெஞ்சுக் காட்டின் பெயர் அமெரிக்காவுக்குப் போய் ஆங்கில உச்சரிப்போடு பசிபிக்கைச் சுற்றிவிட்டு, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுக்குத் திரும்பியது. 1960இல் கப்பல் மறுபடி அமெரிக்காவுக்குப் போயிற்று.

சேன்-லோ கப்பலின் கதை சுருக்கமானது, கசப்பானது. 1943இல் வெள்ளோட்டம் கண்ட அமெரிக்கத் துணை விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு ‘மிட்வே’ என்று பெயர். பசிபிக்கின் நடுவில் உள்ள மிகச் சிறிய தீவும், அதனருகே 1942இல் அமெரிக்கா பெற்ற வெற்றியும் அந்தப் பெயரில் இருந்தன. அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த மாபெரும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு மிட்வே என்ற பெயர் தேவைப்பட்டதால், 1944 அக்டோபர் 10 அன்று சிறிய கப்பலிடமிருந்து அதைப் பறித்து, அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கப் படை மீட்ட நோர்மாந்தி நகரமான சேன்-லோவின் பெயரைக் கொடுத்தார்கள். கப்பலுக்குப் பெயர் மாற்றுவது ஆகாது என்பது மாலுமிகளின் பழைய நம்பிக்கை. பதினைந்தாம் நாள், அக்டோபர் 25 அன்று, பிலிப்பைன்ஸின் சமார் தீவருகே ஜப்பானியத் தற்கொலை விமானம் ஒன்று மோதி அந்தக் கப்பல் மூழ்கியது. அத்தகைய தாக்குதலில் மூழ்கிய முதல் பெரிய போர்க்கப்பல் அதுதான். நம்பிக்கையில் உண்மை இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தொலைதூரத் தீவின் பெயரைக் கழற்றிவிட்டுப் பிரெஞ்சு நகரத்தின் பெயரை அணிந்த கப்பல், அந்தப் பெயரோடு இரண்டு வாரமே வாழ்ந்தது என்பது வரலாறு.

கனடாவும் முதல் உலகப்போரின் பிரெஞ்சு, பெல்ஜியப் போர்க்களங்களின் பெயர்களைச் சிறிய இழுவலைப் படகு வகைக் கப்பல்களுக்கு வைத்தது. சோம் போர்க்களத்தின் தியெப்வால் கிராமத்தின் பெயரைத் தாங்கிய கப்பல், 1930இல் வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் தீவுக்கூட்டத்தின் நடுவே பாறையில் மோதி மூழ்கியது. அது மூழ்கிய கால்வாய்க்கு இன்று தியெப்வால் கால்வாய் என்று பெயர். ஊர், கப்பல், கடல்வழி என்ற மூன்று படிகளும் ஒரே பெயரில் தெளிவாகத் தெரியும் இடம் இது.

தீவில் இறங்கிய பெயர்

தீவுகளுக்குப் பெயரிடும்போது மாலுமிகள் பெரும்பாலும் கைக்கு எட்டியதை எடுத்தார்கள். அன்றைய திருநாள், அனுப்பிவைத்த அமைச்சர், ஏறிவந்த கப்பல், பிறந்த ஊர் ஆகிய நான்கில் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும். ஆம்ஸ்டர்டாம் தீவு மூன்றாம் வகை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள அந்தச் சிறு எரிமலைத் தீவுக்கு 1633இல் டச்சுக்காரரான வான் டீமன், தாம் ஏறிவந்த ‘நியூ ஆம்ஸ்டர்டாம்’ கப்பலின் பெயரை வைத்தார். இன்று அது பிரான்ஸின் ஆட்சிப்பகுதி. பிரெஞ்சு மண்ணுக்கு டச்சுத் தலைநகரத்தின் பெயர். மொரீசியஸ் இதற்கு நேர்மாறு: டச்சு இளவரசர் மோரிஸின் பெயரைத் தாங்கிய தீவைப் பிரெஞ்சுக்காரர்கள் 1715இல் ‘ஈல் த பிரான்ஸ்’ ஆக்கினார்கள். பாரிஸைச் சூழ்ந்த மாநிலத்துக்கும் அதுவே பெயர். அதன் ஆளுநர் லபூர்தொனே துறைமுகமும் கட்டடங்களும் எழுப்பப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அழைத்துச் சென்றார். அந்தத் தீவின் தமிழர் வரலாற்றில் அது ஒரு தொடக்ககாலக் கட்டம். 1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் டச்சுப் பெயரை மீட்டுவைத்தார்கள். நெப்போலியன் காலத்தில் ‘போர்ட் நெப்போலியன்’ என்று மாறியிருந்த தலைநகருக்கு மட்டும் ‘போர்ட் லூயி’ என்ற பழைய பிரெஞ்சுப் பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.

பிறந்த ஊரின் பெயர் தீவுக்குப் போனதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று, பலர் பிரெஞ்சு என்றே அறியாத ஒரு சொல். தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஃபாக்லாந்து என்றும் அர்ஜென்டினா மால்வினாஸ் என்றும் அழைக்கும் தீவுகளைப் பற்றிப் பேசுகிறேன். பிரெத்தாஞ்சின் வடகரையில் மதில் சூழ்ந்த துறைமுகம் சேன்-மாலோ. அந்த ஊர்க்காரர்களுக்கு மலூவன் என்று பெயர். தென்கடலுக்குப் போய்வந்த சேன்-மாலோ மாலுமிகளை முன்னிட்டு அந்தத் தீவுகள் பிரெஞ்சில் மலூயின் தீவுகள் ஆயின. 1763இல் சேன்-மாலோவிலிருந்து புறப்பட்ட பூகன்வில், அடுத்த ஆண்டு அங்கே முதல் குடியிருப்பை நிறுவினார். நம் வீட்டுச் சுற்றுச்சுவர்களில் படரும் காகிதப்பூவுக்குத் தாவரவியலில் இருப்பது இவர் பெயர்தான். மூன்றாண்டுகளில், தீவு தங்களுடையது என்ற ஸ்பெயினின் முறையீட்டை ஏற்றுப் பிரான்ஸ் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டது. ஸ்பானியர் இடத்தோடு பெயரையும் வாங்கித் தம் நாவுக்கு ஏற்ப மால்வினாஸ் ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து அது அர்ஜென்டினாவுக்கு வந்தது. 1982இல் அந்தத் தீவுகளுக்காகப் போர் மூண்டபோது, அர்ஜென்டினத் தெருக்களில் தாய்நாட்டின் பெயரைப்போல முழங்கப்பட்ட சொல், ஒரு பிரெஞ்சுத் துறைமுக நகரத்தின் பெயர். அந்தப் போரில் பிரிட்டன் இழந்த கப்பல்களுள் ஷெஃபீல்டும் கவன்ட்ரியும் இருந்தன. அவையும் ஊர்ப்பெயர்கள் என்று சொல்லவே தேவையில்லை.

கெர்கேலன் தீவுகளில் இந்த வகைகள் அனைத்தும் ஒரே வரைபடத்தில் கிடைக்கும். தெற்கே 49ஆம் அட்சரேகையில், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மரமில்லாமல் காற்று மட்டும் ஓயாமல் வீசும் தீவுக்கூட்டம் அது. பிரெத்தாஞ்சைச் சேர்ந்த கெர்கேலன் என்னும் கடற்படை அதிகாரி, ஈல் த பிரான்ஸிலிருந்து இரண்டு கப்பல்களோடு புறப்பட்டு 1772 பிப்ரவரி 12 அன்று அதைக் கண்டார். தாம் கரையிறங்காமலே திரும்பிப்போய், வளமான ஒரு ‘தென்பிரான்ஸ்’ கிடைத்துவிட்டதாக மன்னரிடம் சொன்னார். நாட்டின் பெயரையே தூக்கி ஒரு பாழ்நிலத்தின் மீது வைத்த இந்தத் துணிச்சலுக்கு இணை சொல்வது கடினம். இரண்டாவது பயணத்தில் பொய் வெளிப்பட்டது. படைத்துறை நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. தென்பிரான்ஸ் என்ற பெயர் மறைந்து, அவர் பெயரே தீவில் நின்றது. அந்தப் பெயரின் முற்பகுதியான ‘கெர்’ என்பதற்குப் பிரெத்தாஞ் மொழியில் வீடு, குடியிருப்பு என்று பொருள். நிலையாகக் குடியிருப்பவர் ஒருவரும் இல்லாத தீவுக்கு அப்படி ஒரு பெயர்.

1893இல் இந்தத் தீவுகளைப் பிரான்ஸ் முறைப்படி உரிமை கொண்டாடியபோது, கொடியேற்றப் போன கப்பலின் பெயர் ‘யூர்’. சரக்குக் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரை வைப்பது பிரெஞ்சுக் கடற்படையின் வழக்கம். நோர்மாந்திப் பக்கத்து ஆற்றின் பெயர் அது. பிறகு வந்தவர்கள் தங்கள் ஊர்களைக் கொண்டுவந்தார்கள். பிரெத்தாஞ்சின் துறைமுகமான ஓதியெர்ன் அங்கே ஒரு விரிகுடாவாக இருக்கிறது. ஆங்கில மாலுமி குக் ‘ராயல் சவுண்ட்’ என்று பெயரிட்ட பெரிய குடா, இன்று மொர்பியான் குடா. பிரெத்தாஞ் மொழியில் ‘சின்னக் கடல்’ என்று பொருள்படும் மொர்பியான், தாய்நாட்டில் ஒரு குடாவுக்கும் அதைச் சூழ்ந்த மாவட்டத்துக்கும் பெயர். ஆய்வாளர்கள் மாறி மாறித் தங்கும் நிலையம் இந்தக் குடாவின் கரையில்தான் இருக்கிறது. அதன் பெயர் ‘போர்-ஓ-பிரான்சே’, பிரெஞ்சுக்காரரின் துறைமுகம். தீவில் பூர்வகுடி எவரும் இருந்ததில்லை என்பதால் இங்கே பெயரிட்டவர்கள் யாருடைய பழம்பெயரையும் அழிக்கவில்லை, ஒருவர் பெயரை மற்றவர் அழித்ததைத் தவிர. அதிலும் முழுக்க அழிக்கவில்லை: தீவின் பெரிய பனிப்பாறைக்குக் குக்கின் பெயரும், உயர்ந்த சிகரத்துக்கு ஆங்கிலேயரான ராஸின் பெயரும் இன்றும் பிரெஞ்சு வரைபடத்தில் உள்ளன.

வடகோடியில் உள்ள விரிகுடாவுக்கு, கெர்கேலனின் இரண்டாவது பயணத்தில் வந்த ‘உவாசோ’ என்னும் கப்பலின் பெயர். பறவை என்று பொருள். 1774 ஜனவரியில் அந்தக் கப்பலின் அதிகாரி ரோஷ்கூத் அங்கே கரையிறங்கி, பிரெஞ்சு மன்னரின் பெயரும் கடற்படை அமைச்சரின் பெயரும் இலத்தீனில் எழுதிய தோல் ஏட்டை ஒரு குப்பியில் அடைத்து விட்டுப்போனார். 1776 கிறிஸ்துமஸ் நாளில் அதே இடத்தில் வந்து நங்கூரமிட்ட குக்கின் ஆட்கள் பிறகு அந்தக் குப்பியைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். குக் அதைப் படித்துவிட்டு, ஏட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் தம் இரண்டு கப்பல்களான ரெசல்யூஷன், டிஸ்கவரி ஆகியவற்றின் பெயரையும் ஆண்டையும் இலத்தீனிலேயே எழுதி, ஒரு வெள்ளிக் காசோடு மறுபடி குப்பியில் இட்டு, கற்குவியலின் கீழ் வைத்தார். இன்றைய வரைபடத்தில் வெளி விரிகுடாவுக்கு உவாசோ என்றும், அதன் உள்ளே ஒதுங்கிய துறைக்குக் குக் வைத்தபடி போர்-கிறிஸ்துமஸ் என்றும் பெயர்.